கிளாக் கெட்டைம் மட்டும் ஈஃபால்ட் தராமல் கிராஷ் ஆகிறது

சிஸ்டம் காலுக்கு (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) தப்பான ஆர்குமென்ட் கொடுத்தால் லினக்ஸ் எப்படிச் சமாளிக்கிறது என்று சோதிக்க ஒரு சி புரோகிராம் எழுதுகிறேன். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

உபுண்டு 22.04, கெர்னல் 5.15, ஜிலிப்சி (சி லைப்ரரி) 2.35, 64 பிட் இன்டெல் லேப்டாப்.

ஃபைலை மூடும் க்ளோஸுக்கு -1 கொடுத்தால் ஈபேட்எஃப் (தப்பான ஃபைல் எண்) பிழை. ஃபைலில் ரைட் செய்ய பஃபர் முகவரியாக 1 கொடுத்தால் ஈஃபால்ட் (தப்பான மெமரி முகவரி) பிழை. இதுவரை சரி. நேரம் கேட்கும் கிளாக் கெட்டைமுக்கு ரியல்டைம் கடிகாரத்தோடு அதே 1-ஐ முகவரியாகக் கொடுத்தால் மட்டும் பிழை எண் வருவதில்லை; சிக்னல் 11 (தப்பான மெமரியைத் தொட்டால் வருவது) வந்து புரோகிராமே காலி. மேனுவலோ ஈஃபால்ட் என்கிறது.

ஆப்டிமைசேஷனை நிறுத்திப் பார்த்தேன், அதே கதை. ஃபோர்க் போட்டுத் தனி சைல்டு புராசஸில் ஓட்டினால் சைல்டு மட்டும் சாகிறது, மற்ற டெஸ்டுகள் பிழைக்கின்றன. சிஸ்டம் கால்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ரேஸில் அந்தக் கால் பதிவாகவே இல்லை! சிஸ்கால் ஃபங்ஷன் வழியாக நேராகக் கூப்பிட்டால் சமர்த்தாக ஈஃபால்ட். கடிகாரத்தை புராசஸ் சிபியு டைம் என்று மாற்றினாலும் ஈஃபால்ட்தான். கெர்னலுக்குள் போகாமல் விடிஎஸ்ஓ (கெர்னல் ஒவ்வொரு புராசஸுக்கும் தரும் சிறு லைப்ரரி) யூசர் ஸ்பேஸிலேயே எழுதப் போய் விழுகிறது என்று சந்தேகம்.

அப்படியானால், சைல்டு சிக்னல் 11-ல் சாவதையும் டெஸ்டில் 'பாஸ்' என்றே எடுத்துக்கொள்ளலாமா?