எபாக்சி வார்ப்பில் சோயா எண்ணெய் கசிகிறது: பவுடர் போட்டால் நிற்குமா?

கோவை பேட்டர்ன்:
ஃபவுண்டரிகளுக்கு எபாக்சியில் பேட்டர்ன் (மணலில் அச்சு எடுப்பதற்கான மாதிரி உரு) வார்த்துக் கொடுக்கிறேன். மெல்லிய ஓரங்கள் சில்லுச் சில்லாகப் பெயர்கின்றன. 100 பங்கு ரெசினுக்கு 15 பங்கு எபாக்சிடைஸ்டு சோயா எண்ணெய் சேர்த்து ஒரு சாம்பிள் போட்டேன். ரெசினை இறுகவைக்க எச்ஒய் 951 என்ற அமீன் ஹார்டனர், சூடேற்றவில்லை. ஓரம் நன்றாக வளைகிறது. ஆனால் செய்தித்தாள் மேல் வைத்தால் மறுநாள் எண்ணெய்க் கறை. கால்சைட் (சுண்ணாம்புக்கல்) பவுடர் கூட்டினால் உறிஞ்சிக்கொள்ளுமா?

பண்ருட்டிக்காரன்:
உறிஞ்சாது. சோயா எண்ணெயில் ஹார்டனரோடு பிணைய வேண்டிய எபாக்சி வளையங்கள் மூலக்கூறுச் சங்கிலியின் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அமீன் ஹார்டனர் நுனியில் வளையம் உள்ள ரெசினைத்தான் முதலில் பிடிக்கும். அது இறுகி முடிந்த பிறகும் எண்ணெய் வலையில் சேராமல் தனியே நிற்கும், மெல்ல வெளியே வரும். அன்ஹைட்ரைடு ஹார்டனர் போட்டு ஓவனில் 120 டிகிரிக்கு மேல் வைத்தால் சேரும். ஓவன் இல்லாத பட்டறையில் அதற்கு வழியில்லை.

கார்டனால் கிளைசிடைல் ஈதர் கேட்டு வாங்குங்கள். எங்கள் ஊர் முந்திரிக்கொட்டை ஓட்டில் எடுக்கிற எண்ணெயிலிருந்து வருவதுதான் கார்டனால்: பீனால், அதில் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். இதில் வளையம் நுனியில் இருப்பதால் சாதாரண வெப்பத்திலேயே அமீனோடு பிணையும், வால் வளைந்து கொடுக்கும். ஓடு என்றால் அடுப்பில் போடுகிற பொருள் என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்! நிறம் பழுப்பாக வரும், வெப்பம் தாங்குவதும் குறையும். அதனால் 10 பங்கில் ஆரம்பியுங்கள். அதன் எபாக்சி ஈக்விவலன்ட் எடையையும் (ஒரு மோல் எபாக்சி வளையம் எத்தனை கிராமில் இருக்கிறது என்ற எண்) சேர்த்து ஹார்டனர் கணக்குப் போடுங்கள்; பவுடரை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மணல்பெட்டி:
பவுடர் வேறு காரணத்துக்குத் தேவை. சுருக்கமும் இறுகும்போது வரும் சூடும் குறையும். ஆனால் ரெசின் நீர்த்துவிட்டால் கால்சைட் அடியில் படியும்; அடர்த்தி 2.7, ரெசினுக்கு 1.15தான். ஃப்யூம்டு சிலிக்கா (ரெசினைக் கெட்டியாக்கும் மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) 1 பங்கு போட்டால் தாங்கிப் பிடிக்கும். பவுடரை 110 டிகிரியில் உலர்த்திச் சலித்து, ஹார்டனருக்கு முன்னால் கலக்குங்கள். மணல் உரசுகிற மேல்தோலுக்குக் கால்சைட் ரொம்ப மென்மை, குவார்ட்ஸ் மாவுதான் சரி. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும், மாஸ்க் இல்லாமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

கோவை பேட்டர்ன்:
நன்றி அண்ணா. கார்டனாலில் செய்த ஹார்டனரே இருக்கிறதாமே?

பண்ருட்டிக்காரன்:
ஃபெனால்கமைன். குளிரிலும் ஈரத்திலும் இறுகும், அதனால் கப்பல் பெயின்டில் அதிகம் போடுகிறார்கள். உங்களுக்கு முதலில் ஈதரே போதும். 10 பங்கில் ஓரம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.