புதுப்பிப்பு: அமேசான் கணக்கை மூடியாச்சு, எதை எங்கே வாங்குவது

அமேசான் கணக்கை மூடப் போகிறேன், அதில் கிடக்கும் அமேசான் பே பேலன்ஸை என்ன செய்வது, இனி எங்கே வாங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

“மூடும் முன் பில்லை எல்லாம் இறக்கி வை” என்ற யோசனைதான் காப்பாற்றியது. கணக்கை மூடினால் பழைய ஆர்டர் விவரம், இன்வாய்ஸ், கிண்டில் புத்தகம் எல்லாம் போய்விடும். வாரண்டி பாக்கி உள்ள பொருளின் இன்வாய்ஸைப் பிடிஎஃப் ஆக எடுத்து, சீரியல் எண் ஸ்டிக்கரைப் படம் பிடித்து அதோடு வையுங்கள்.

பே பேலன்ஸில் உள்ள கிஃப்ட் கார்டு பணத்தை வங்கிக்கு மாற்ற முடியாது. மொபைல் ரீசார்ஜ், கரண்ட் பில் என்று கரைத்துவிடுவதே வழி. பிரைம் சந்தாவை ரத்து செய்த கையோடு, தானாகப் பணம் எடுக்கும் அனுமதி மிச்சம் இருக்கிறதா என்று யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியையும் ஒரு தடவை பாருங்கள்.

எலக்ட்ரானிக்ஸுக்குச் சென்னையில் ரிச்சி தெரு. விலை கேட்கும்போதே “ஜிஎஸ்டி பில்லோடவா?” என்று கேட்டுவிடுங்கள், பில் இல்லாத விலை வேறு. சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

எதிர்பாராதது, சில்லறைச் சாமான். ஃபேன் கன்டென்சர் ஒன்றுக்காக ஆன்லைனில் டெலிவரி கட்டணம் கொடுப்பது வீண். தெருமுனை எலக்ட்ரிகல் கடைக்குப் பழையதைக் கழற்றிக் கொண்டுபோய் அதன் மேல் போட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில் கேளுங்கள் (பெரும்பாலும் 2.5).

ஓஎன்டிசி (பல செயலிகளையும் விற்பவர்களையும் இணைக்கும், அரசு ஆதரவுள்ள ஆன்லைன் வலையமைப்பு) மூலம் வாங்குவதானால் ரிட்டர்ன் விதி விற்பவருக்கு விற்பவர் மாறும். பணம் கட்டும் முன் படியுங்கள்.