நீஸ் நகரில் 5 இரவு: எந்தப் பகுதி, எந்த மாதிரி ஹோட்டல்?

தாமிரபரணி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. 2026 ஜூன் 2 முதல் 7 வரை பிரான்ஸின் நீஸ் நகரில் தங்கப் போகிறோம். நான், மனைவி, 10 வயது மகன், அம்மா. அம்மாவுக்கு 71 வயது, மூட்டு வலி உண்டு, சுத்த சைவம். சென்னையிலிருந்து வருகிறோம், விசா இனிமேல்தான். நாலு பேருக்கும் சேர்த்து இரவுக்கு 200 யூரோ வரை செலவழிக்க முடியும். மூன்று நட்சத்திரம் போதும், வாகனம் எடுக்கப் போவதில்லை.

மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பழைய நகரத்துக்குள், கூர் சலேயா சந்தைக்குப் பக்கத்தில், படங்கள் பிரமாதம். இன்னொன்று கடற்கரைச் சாலையிலேயே, "கடல் காட்சி" என்று போட்டிருக்கிறது. மூன்றாவது ரயில் நிலையத்துக்கு எதிரே, மூன்றிலும் மலிவு. எதை எடுக்கலாம்? காலை உணவு சேர்த்தே பதிவு செய்யலாமா? வேறு எதைக் கவனிக்கணும்?

மணல்வீடு

ஹோட்டலை விடுங்க, முதல்ல தேதியை மாத்துங்க. மொனாக்கோ கார் பந்தயம் 2026-லிருந்து ஜூன் முதல் வாரத்துக்கு வந்துடுச்சு. இந்த முறை ஜூன் 4 முதல் 7 வரை. அதாவது உங்க தேதியில் முக்கால்வாசி அதுதான். மொனாக்கோவில் அறை கிடைக்காதவங்க, கிடைச்சாலும் விலை கட்டாதவங்க எல்லாரும் நீஸில்தான் தங்குவாங்க, ரயிலில் 20-25 நிமிஷம்தானே. அந்த நாலு இரவுக்குச் சாதாரண மூன்று நட்சத்திரமே விலையை ரெண்டு மடங்காக்கும். குறைஞ்சது மூணு இரவு எடுக்கணும், ரத்து செய்தால் பணம் திரும்பாதுன்னு நிபந்தனையும் போடுவாங்க.

ஜூன் 8 திங்களிலிருந்து 13 வரை வெச்சுக்கோங்க, பந்தயக் கூட்டம் கலைஞ்சிருக்கும். மே மாசத்துக்குப் போகணும்னா 26-லிருந்து 31 வரை பாருங்க. அதுக்கு முன்னால வேண்டாம். கான் திரைப்பட விழா 12 முதல் 23 வரை, அடுத்து 25 திங்கள் பொது விடுமுறை. மே 1, 8, 14 எல்லாம் விடுமுறைதான், பிரெஞ்சுக்காரங்களே கடலோரம் கிளம்பிடுவாங்க.

இப்ப இடம். பழைய நகரம் அம்மாவுக்குச் சரிப்படாது. சந்துக்குள்ள வண்டி போகாது, டாக்ஸி விளிம்பிலேயே இறக்கிவிட்டுடும், பெட்டியை உருட்டிக்கிட்டுப் போகணும். கட்டடங்கள் பழசு, ஏணி மாதிரி செங்குத்தான படி, லிஃப்ட் இருக்கிறதே அபூர்வம். ராத்திரி 12 வரை சாப்பாட்டுக் கடை இரைச்சல். அது அடங்கினா விடியறதுக்குள்ள சந்தைக்குச் சரக்கு இறக்குற சத்தம். கூர் சலேயாவில் திங்கள் மட்டும் பழம்பொருள், மத்த நாளெல்லாம் பூ, காய், பழம். போய்ப் பார்க்க அருமையான இடம், தூங்கத்தான் லாயக்கில்லை.

நான் சொல்றது ம்யூசிசியான் பகுதி. விக்தோர் ஊகோ பூல்வாருக்கும் (அகலமான சாலை) ரயில் நிலையத்துக்கும் நடுவில, தெருக்களுக்கெல்லாம் இசையமைப்பாளர் பெயர் வெச்சிருக்கும். தரை சமமா இருக்கும், மரநிழல் உண்டு, ராத்திரி அமைதி. கடலுக்கு மெதுவா நடந்தாலும் கால் மணி நேரம், ழான் மெத்சான் டிராம் நிறுத்தம் அதைவிடக் கிட்ட. சிமியே பக்கம் விலை குறைவாத் தெரியும், ஆனா மேட்டுப் பகுதி. திரும்பி வரும்போதெல்லாம் ஏறணும், அம்மாவோட போறவங்க அங்க எடுக்காதீங்க.

கடுகு

தெரு பற்றி மணல்வீடு சொன்னதோடு உடன்படுகிறேன். அறையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பலரும் ஏமாறுவது நட்சத்திரத்தை நம்பித்தான். பிரான்ஸில் மூன்று நட்சத்திரத்துக்கு இருவர் அறையின் குறைந்தபட்ச அளவு, குளியலறையையும் சேர்த்து, 13.5 சதுர மீட்டர். நான்குக்கு 16. சதுர அடியில் சொன்னால் 145-உம் 172-உம். அதில் இரண்டு பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. ஆகவே நட்சத்திரத்தைப் பார்க்காமல் சதுர மீட்டரைப் பாருங்கள். அளவே போடாத அறை பெரும்பாலும் சின்ன அறை.

கட்டிலும் அப்படித்தான். 140 செ.மீ. அகலக் கட்டிலையும் இருவர் கட்டில் என்றே எழுதுவார்கள். 160 என்று குறிப்பிட்டிருந்தால் எடுங்கள். அம்மாவையும் பையனையும் ஒரு அறையில் போடுவதென்றால் இரண்டு தனிக் கட்டில் உள்ள அறையாகக் கேளுங்கள். மூவர் அறை எடுத்து நாலாவது ஆளைச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தீத்தடுப்பு விதிப்படி அறைக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது, ரிசப்ஷனில் தலை எண்ணுவார்கள், பையனும் கணக்கில் வருவான்.

கடல் காட்சிக்கு வருகிறேன். கடற்கரைச் சாலையான புரொமனாட் தெ ஸாங்லே சுமார் 7 கி.மீ. நீளம், அதை ஒட்டியே பல தடங்களில் வாகனங்கள் ஓடுகின்றன. பால்கனிக் கதவைச் சாத்தினால்தான் தூக்கம். அதோடு "பக்கவாட்டுக் கடல் காட்சி" என்றால் பால்கனிக் கம்பியைப் பிடித்துத் தலையை நீட்டினால் ஒரு நீலக் கீற்று தெரியும், அவ்வளவே. அதற்காக இரவுக்கு 40, 50 யூரோ கூடுதலாகக் கொடுப்பது வீண். உள்முற்றம் பார்த்த அறை, பிரெஞ்சில் "கோத்தே கூர்", வெளிச்சம் குறைவு. ஆனால் சத்தமில்லை, விலையும் கம்மி. பகலெல்லாம் வெளியே சுற்றப் போகிறவர்களுக்கு அதுவே நல்லது. கடலைப் பார்க்க புரொமனாடில் நீல நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள், காசில்லை.

அம்மாவுக்காக இரண்டு விஷயம் உறுதி செய்யுங்கள். "லிஃப்ட் உண்டு" என்று போட்டிருந்தாலும் வாசலிலிருந்து லிஃப்ட்டுக்கே ஏழெட்டுப் படி இருக்கலாம்; சில இடங்களில் லிஃப்ட் இரண்டு தளத்துக்கு நடுவில் நிற்கும். இங்கே முதல் மாடி என்பது நம் ஊரில் போலவே தரைத்தளத்துக்கு மேல். அடுத்தது குளியலறை. தொட்டிக் குளியல் என்றால் அரை மீட்டர் விளிம்பைத் தாண்டிக் காலை வைக்கணும், மூட்டு வலிக்காரருக்கு அதுதான் ஆபத்து. "தூஷ் ஆ லித்தாலியென்" என்று கேளுங்கள், தரையோடு தரையாக விளிம்பில்லாத ஷவர்.

ஏ.சி. ஜூனில் கட்டாயம். "மின்விசிறி" என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

தாமிரபரணி

மிக்க நன்றி. பந்தய விஷயம் தெரியவே தெரியாது. ஜூன் 8-13க்கு மாற்றிவிட்டேன். ஆனால் ம்யூசிசியான் பகுதியில் இரண்டு அறை எடுத்தால் 200-ஐத் தாண்டுகிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ளதையே எடுத்தால் என்ன? கார்டு, விசா விஷயமும் யாராவது சொன்னால் உதவி.

ரயில்பூச்சி

ரயில் நிலையப் பகுதியை எல்லாரும் திட்டுவாங்க, நான் அவ்வளவு மோசம்னு சொல்ல மாட்டேன். தியேர் அவென்யூவைப் பார்த்த அறையா இருந்தா இரைச்சல், உண்மை. பின்பக்க அறைன்னா தாராளமா எடுக்கலாம். தினமும் ரயிலில் ஊர் சுத்துறவங்களுக்கு அது வசதி. உங்களுக்குச் சிக்கல் வேற: கடலுக்கு ஒன்றேகால் கி.மீ. மேல. அம்மா ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போய் வந்தா முடிஞ்சது. டிராம் 1-இல் மாசேனா வரை போகலாம், அங்கிருந்து கொஞ்சம் நடை.

200-க்குள்ள நாலு பேர்னா அபார்ட்-ஹோட்டல் பாருங்க. ஒரு படுக்கையறை, கூடத்தில் சோஃபா கட்டில், சின்ன அடுப்படி. அம்மாவுக்கு ஒரு ரசம் சாதம் வெச்சுக் கொடுக்கலாம், இந்த ஒரு காரணமே போதும். குறை இல்லாம இல்லை. தினமும் அறை சுத்தம் பண்ண மாட்டாங்க, முன்பணமா ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பாங்க, கிளம்பும்போது பாத்திரம் கழுவி வைக்கலைன்னா அதிலிருந்து பிடிப்பாங்க. சோஃபா கட்டிலின் அகலத்தைக் கேட்டுக்கோங்க. சாதாரண ஹோட்டல் அறையில் குக்கர், ஹீட்டர் கம்பி எதுவும் வெக்கக் கூடாது, புகை மணி அடிச்சா கட்டடமே வெளியே வந்து நிக்கும்.

விமான நிலையத்திலிருந்து டிராம் 2 நேரா ழான் மெத்சான் வரும், அரை மணிக்குள்ள. டிராமுக்குள்ள டிக்கெட் விக்க மாட்டாங்க, நிறுத்தத்து மெஷினில் வாங்கி, ஏறினதும் உள்ளே இருக்கிற மெஷினில் தட்டணும். விமான நிலைய நிறுத்தத்தில் ஏறினா நகர டிக்கெட் விலை கிடையாது, தனிக் கட்டணம். நாலு பேர், நாலு பெட்டின்னா டாக்ஸிதான் புத்திசாலித்தனம். நகர மையத்துக்கு நிர்ணயக் கட்டணம் உண்டு, 30 யூரோவுக்குச் சற்று மேல. வரிசையில் நிக்கிற டாக்ஸியில் ஏறி, பெட்டி வைக்கும் முன்னாடியே "ஃபோர்ஃபே" (நிர்ணயக் கட்டணம்)ன்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. முனையத்துக்குள்ள வந்து கூப்பிடுறவர் பின்னால போகாதீங்க.

பையன் மணல் வீடு கட்டணும்னா நீஸில் நடக்காது, கரை முழுக்க உருண்டைக் கூழாங்கல். வெறுங்காலோட நிக்க முடியாது, தண்ணிக்குள்ள ரெண்டு எட்டு வெச்சதும் ஆழம் சட்டுனு இறங்கும். ரப்பர் செருப்பு வாங்கிக்கோங்க. மணல் வேணும்னா ரயிலில் வில்ஃப்ரான்ஷ் போங்க, பத்து நிமிஷத்துக்குள்ள. நிலையத்துக்குக் கீழேயே கடற்கரை, இறங்கப் படி மட்டும் உண்டு. அலையும் அடங்கி இருக்கும்.

மணல்வீடு

அபார்ட்-ஹோட்டல் நல்ல யோசனை, நானே சொல்லியிருக்கணும். விசா பத்தி: ஷெங்கன் விண்ணப்பத்தில் தங்கும் எல்லா இரவுக்கும் பதிவு காட்டணும், நாலு பேர் பெயரும் அதில் இருக்கணும். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் கீழே வரக் கூடாது. மருத்துவக் காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு. ரத்து செய்யக்கூடிய விலையிலேயே பதிவு பண்ணுங்க, இலவசமா ரத்து செய்யும் கடைசி நாள் விசா முடிவு வர்ற நாளுக்குப் பிறகு இருக்கான்னு பாருங்க. "10 சதவீதம் தள்ளுபடி, பணம் திரும்பாது" என்கிற விலையை விசா கைக்கு வரும் வரை தொடாதீங்க.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி செயலியில் திறந்து வைங்க, இணையப் பரிவர்த்தனை, கடையில் தேய்ப்பது ரெண்டுக்கும் தனித்தனியா. இது மூடியிருந்தா ஹோட்டல்காரர் சோதனைக்கு ஒரு தொகை எடுக்கப் பார்ப்பார், போகாது, பதிவு ரத்தாயிடும், உங்களுக்கு ஒரு மின்னஞ்சல்தான் வரும். டெபிட் கார்டு கொடுத்தா நிறுத்தி வெச்ச பணம் திரும்ப நாளாகும், கிரெடிட் கார்டே கொடுங்க. அங்க மெஷினில் ரூபாயா யூரோவான்னு கேட்டா யூரோ. ரூபாய் அழுத்தினா அவங்க வெக்கிறதுதான் மாற்று விலை.

சுற்றுலா வரின்னு ஒண்ணு தலைக்கு, இரவுக்கு வாங்குவாங்க. பல தளங்களில் காட்டும் விலையில் அது சேர்ந்திருக்காது. 18 வயசுக்குக் கீழே கிடையாது, பையனுக்கும் போட்டிருந்தா எடுக்கச் சொல்லுங்க.

கடுகு

காலை உணவு சேர்க்காமல் பதிவு செய்யுங்கள். ஹோட்டலில் ஆளுக்கு 12 முதல் 18 யூரோ, நாலு பேருக்கு ஐந்து நாள் கணக்குப் போட்டால் ஒன்றிரண்டு இரவு வாடகையே வந்துவிடும். வேண்டும் என்று தோன்றும் நாளில் கீழே போய்ப் பணம் கட்டிச் சாப்பிடலாம். பேக்கரியில் க்ருவாஸான் ஒன்றரை யூரோவுக்குள்.

சைவத்துக்கு நீஸில் கைகொடுப்பது சொக்கா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டும் கரைத்து, பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவது. விளிம்பு கருகி மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். மேலே மிளகுத் தூளைத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். பார்த்தால் சைவம் போலத் தோன்றும் சிலவற்றில் ஜாக்கிரதை: பிஸ்ஸலாதியேர் வெங்காய ரொட்டிதான், ஆனால் நெத்திலி வகை மீன் இருக்கும். நீஸ் சாலட்டிலும், அதை ரொட்டிக்குள் வைத்துத் தரும் பான் பான்யாவிலும் சூரை மீன். "ஃபார்ஸி" என்று காயில் அடைத்துத் தருவதற்குள் பெரும்பாலும் இறைச்சி. உணவகங்களில் மதியம் 2 மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு 7-க்கு முன் திறக்க மாட்டார்கள். "காராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும், நல்ல தண்ணீர்தான். கேட்காவிட்டால் புட்டித் தண்ணீர் வைத்து பில்லில் சேர்ப்பார்கள்.

பிளக் விஷயத்தில் செல்போன் சார்ஜரின் இரண்டு உருண்டைக் கம்பி அப்படியே நுழையும். நம் மூன்று கம்பி பிளக் நுழையாது, அடாப்டர் ஒன்று எடுத்துப் போங்கள்.

பதிவு செய்த கையோடு ஹோட்டலுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, ஷவருக்கு விளிம்பு உண்டா, அறை தெருப் பக்கமா முற்றப் பக்கமா, சோஃபா கட்டில் எத்தனை செ.மீ., ரிசப்ஷனில் எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள். கடைசிக் கேள்வி முக்கியம். அபார்ட்-ஹோட்டலிலும் சிறிய ஹோட்டல்களிலும் இரவு 9, 10 மணிக்கு மேல் யாரும் இருக்க மாட்டார்கள், கதவுக்கான எண்ணை முன்கூட்டியே வாங்கியிருந்தால்தான் உள்ளே போக முடியும். உங்கள் விமானம் தாமதமாகி நள்ளிரவில் இறங்கினாலும் அந்த எண் கையில் இருக்கணும், செல்போனில் மட்டுமல்ல, ஒரு தாளிலும்.

ரயில்பூச்சி

ஒண்ணு விட்டுப் போச்சு. ஷகால், மாட்டிஸ் அருங்காட்சியகம் ரெண்டுக்கும் செவ்வாய் விடுமுறை. நீங்க திங்கள் இறங்குறீங்க, ஜூன் 9 அங்க போய் நிக்காதீங்க. அன்னிக்குக் காலையில் கூர் சலேயா சந்தை, அப்புறம் கோட்டைக் குன்றுக்கு லிஃப்ட்டில் ஏறுங்க. காசில்லை, கடற்கரைப் பக்கத்திலிருந்தே ஏறலாம்.