டாசன் இடுகாட்டில் ஒரு மத்தியானம்

பேய் பார்க்கலாம் என்றுதான் போனோம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடகிழக்கில் டாசன் என்று ஒரு நிலக்கரி ஊர் இருந்தது. இருட்டியபின் அங்கே கல்லறைகளுக்கு நடுவே சுரங்க விளக்கு மாதிரி வெளிச்சம் நகரும் என்று கேள்வி. இருட்டும்வரை நிற்க என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. சரி, பகலிலேயே பார்ப்போம் என்று மூன்று மணிக்குப் போய் இறங்கினோம்.

ஊர் என்று எதுவும் இல்லை. 1950-இல் பெல்ப்ஸ் டாட்ஜ் கம்பெனி சுரங்கத்தை மூடியதோடு அதுவும் காலி. இடுகாடு மட்டும் இருக்கிறது. காய்ந்த புல்லில் வரிசை வரிசையாக வெள்ளை இரும்புச் சிலுவைகள், முந்நூற்றைம்பதுக்கு மேல். இத்தாலிக்காரர்கள், கிரேக்கர்கள் பெயர்கள்தான் அதிகம். சிலதில் பெயரே இல்லை.

ஒரு சிலுவைக்குப் பின்னாலிருந்து தலை ஒன்று எழும்பியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எண்பது வயதிருக்கும் பெரியவர், கையில் கம்பி பிரஷ், துரு சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இது என் தாத்தா, 1923. அதோ, அங்கே அவருடைய அப்பா, 1913" என்றார்.

1913 அக்டோபர் 22 அன்று, உள்ளே ஆட்கள் வேலை செய்யும்போதே நிலக்கரியை உடைக்க வெடி வைத்தார்கள். அது சட்டப்படி தப்பு. நிலக்கரித் தூள் பற்றிக்கொண்டது. 263 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் மீட்கப் போனவர்கள். 23 பேர்தான் பிழைத்தார்கள். பத்து வருடம் கழித்து, பிப்ரவரி 8-இல், வேறொரு சுரங்கத்தில் நிலக்கரி வண்டி தடம் புரண்டு மரத் தாங்கிகளைச் சாய்த்தது. மின்கம்பி அறுந்து ஒரு பொறி. மறுபடி அதே தூள். இந்த முறை சுமார் 120 பேர் இறந்தார்கள். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகளும் அதில் உண்டு.

"அப்பா செத்த தொழிலுக்கே மகனை எப்படி அனுப்பினார்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது" என்றார். "வேறு எங்கே போவது?"

அப்புறம் பெயிண்ட் டப்பாவை என்னிடம் நீட்டினார். மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டேன். தாத்தா சிலுவை முடிந்ததும் பக்கத்தில் பெயரில்லாத ஒன்றுக்கும் அடித்தார்.

முதல் விபத்து நடந்ததும் மூன்று மணிக்குக் கொஞ்சம் பிறகுதான் என்பது வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது. அந்த வெளிச்சத்தை நிஜமாகவே பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என் ஜீன்ஸ் முழங்காலில் வெள்ளைப் பெயிண்ட் இன்னும் போகவில்லை.