மழையில் கூடாரத்துக்குள் ஈரம், என்ன செய்யலாம்?

குழந்தைகளோடு கூடாரத்தில் தங்கியிருக்கிறோம். முந்தாநாள் பிடித்த மழை இன்னும் விடவில்லை. பகலில் உள்ளே காய்ந்தே இருக்கிறது. விடியும்போது மட்டும் மேல்விரிப்பின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. அது சொட்டித் தூக்கப்பைகள் நனைந்து, சின்னவள் நடுங்கியபடி எழுகிறாள். அதுதான் பெரிய கவலை.

நாலு பேருக்கான இரட்டை அடுக்கு டோம் கூடாரம், மேல்விரிப்பின் நீர் தாங்கும் திறன் 3000 மி.மீ. மேட்டுநிலம், அடியில் தண்ணீர் தேங்கவில்லை. தையல்களில் சீலர் (நீர்க்கசிவை அடைக்கும் பசை) பூசியாயிற்று, தரைவிரிப்பின் ஓரத்தை உள்ளே மடித்தாயிற்று, ஈரத்துணிகளையும் வெளியே போட்டாயிற்று. தையல்கள் காய்ந்திருப்பதால் இது கசிவு இல்லை, மூச்சின் ஈரம் குளிர்ந்து படிவதுதான் என்று நினைக்கிறேன். காற்றுத்திறப்பைத் திறந்தால் சாரல் அடிக்கிறது. மூடினால் துளி கூடுகிறது. (உள்ளே அடுப்பு மூட்ட மாட்டேன், கார்பன் மோனாக்சைடு ஆபத்து.)

கையில் ஒரு தார்ப்பாய் இருக்கிறது. சாரல் வராமல் இரவு முழுக்கக் காற்றோட்டம் கிடைக்க அதை எப்படிக் கட்டுவது?