புதுப்பிப்பு: லண்டனில் பிறந்த மகளின் குடியுரிமை

நாங்கள் வேலை விசாவில் இருந்தபோது லண்டனில் பிறந்த மகள் பிரிட்டிஷ் குடிமகளா என்று முன்பு கேட்டிருந்தேன். அங்கே பிறந்தாலே போதும் என்று சிலர் சொன்னீர்கள். 1983 ஜனவரி 1 முதல் அப்படி இல்லை. பிள்ளை பிறக்கும்போது அம்மா அப்பாவில் ஒருவராவது பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்றிருக்க வேண்டும்.

இப்போது எங்களுக்கு நிரந்தர வதிவுரிமை வந்துவிட்டது. அது வந்ததால் மட்டும் மகள் தானாகக் குடிமகள் ஆகிவிடவில்லை. ஆனால் 18 வயதுக்குள் பதிவு செய்துகொள்ளும் உரிமை கிடைத்தது. எம்என்1 படிவத்தில் விண்ணப்பித்தோம், சான்றிதழ் வந்துவிட்டது! நாங்கள் குடியுரிமை வாங்கும்வரை அவள் காத்திருக்கத் தேவைப்படவில்லை என்பது பெரிய நிம்மதி. நாங்கள் கட்டிய கட்டணம்தான் ஆயிரம் பவுண்டுக்கு மேல். ஒரு குழந்தையின் உரிமைக்கு இவ்வளவு வாங்குவது அநியாயம். கட்ட முடியாத குடும்பங்கள் 2022 முதல் கட்டண விலக்குக் கேட்கலாம், தயங்காதீர்கள்.

பெற்றோருக்கு வதிவுரிமை கிடைக்காவிட்டாலும், பிரிட்டனில் பிறந்து முதல் 10 வருடம் அங்கேயே வளர்ந்த பிள்ளை பதிவு செய்யலாம். ஆனால் அந்த ஒவ்வொரு வருடத்திலும் 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது. பிள்ளைகளை நீண்ட விடுமுறைக்கு ஊருக்கு அனுப்புகிறவர்கள் கவனியுங்கள்.

அப்புறம், இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அவளுடைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.