பாசி எடுக்கும் பெண்கள் பற்றி ஒரு நேரிசை வெண்பா: எங்கே இடறுகிறது?

பாம்பன்கரை:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். சின்னப்பாலம் பக்கம் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஒரு நேரிசை வெண்பா எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் முதல் அடி தடுக்குகிறது, மூன்றாம் அடி இன்னும் மோசம். கடைசி அடி மட்டும் சரளமாக ஓடுகிறது. காரணம் பிடிபடவில்லை. எந்தச் சீரில் என்ன கோளாறு என்று சொன்னால் நல்லது. பொருளில் பிசகு இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

பாசி எடுக்கவே பகல்முழுதும் கடலில்மூழ்கி
காசு சிறிதெனினும் கண்சிவப்பார் – மாதர்கள்
கடற்பாறை கிழித்த மென்மலர் விரல்களிலே
ஆறாத உப்பின் வடு.

இன்னொரு சந்தேகம். நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்களை வெண்பாவுக்குள் கொண்டுவரவே முடியவில்லை. கீழக்கரை, தேவிபட்டினம், சின்னப்பாலம் எதை வைத்தாலும் இடிக்கிறது. பெரியவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

செப்பலோசை:

தம்பி, உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கடைசி அடியில் கை வைக்காதீர்கள். ஒற்றை விட்டுவிட்டு எண்ணினால் ஓரெழுத்து அசை நேர், குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை நிரை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. ஆ/றா/த தேமாங்காய், உப்/பின் தேமா, வடு என்பது மலர் (ஈற்றில் தனியாக நிற்கும் நிரை). காய் முன் நேர், மா முன் நிரை, இரண்டும் பொருந்துகின்றன. அந்த அடிக்குத் தகுந்தபடி மற்ற மூன்றையும் நிமிர்த்தினால் போதும்.

தளை என்பது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை. வெண்பாவில் பார்க்க வேண்டிய தளை விதி மூன்றுதான்: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். கனிச்சீரும் நாலசைச்சீரும் உள்ளே வரவே கூடாது. ஒவ்வொரு சீரையும் அசை பிரித்து அடியில் எழுதிக்கொண்டு, ஒரு சீரின் கடைசியையும் அடுத்த சீரின் முதல் அசையையும் மட்டும் பாருங்கள். அடி முடிந்தாலும் விடக்கூடாது. ஓர் அடியின் கடைசிச் சீருக்கும் அடுத்த அடியின் முதல் சீருக்கும் இடையிலும் தளை உண்டு. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

முதல் அடி. பா/சி தேமா, அடுத்து எடுக்/கவே நிரையில் தொடங்குகிறது, சரி. ஆனால் 'எடுக்கவே' கருவிளம். விளத்துக்குப் பின் நேர் வேண்டும், வந்திருப்பதோ 'பகல்', நிரை. முதல் தடுக்கல் இது. அந்த ஏகாரம் பொருளுக்கு எதுவும் செய்யவில்லை, ஓசையை நிரப்ப வந்தது. அதை எடுத்துவிட்டு 'எடுக்க' என்றால் புளிமா, தளை தானே சேரும். அடுத்து 'கடலில்மூழ்கி': கட/லில்/மூழ்/கி, நாலசை. சேர்த்து எழுதினால் ஒரு சீராகிவிடும் என்று நினைத்துவிட்டீர்கள். 'கடல்மூழ்கி' என்று குறைத்தாலும் பயனில்லை, முந்திய சீர் காய் என்பதால் நேரில்தான் தொடங்கவேண்டும். 'நீர்மூழ்கி' என்றால் தேமாங்காய், இரு பக்கமும் பொருந்தும்.

இரண்டாம் அடியில் தளை சுத்தம். கோட்டுக்குப் பின் நிற்கும் தனிச்சொல்தான் தவறு, அதுவும் அடிகளின் எதுகையிலேயே வரவேண்டும். பாசி, காசு என்று எதுகை போட்டுவிட்டு 'மாதர்கள்' என்றால் நேரிசை ஆகாது. அதோடு 'சிவப்பார்' என்ற பலர்பால் வினைக்குள்ளேயே ஆட்கள் வந்துவிட்டார்கள், 'மாதர்கள்' வேலையில்லாமல் நிற்கிறது. நெடிலை அடுத்துச் சி, சு வரும் சொற்களைத் தேடுங்கள்: ஊசி, வீசி, பேசி, கூசி, மாசு, தூசு. பாறை வருவதால் 'ஊசி' நல்ல பொருத்தம். ஆனால் வெறும் 'ஊசி' தேமா, அடுத்து நிரை கேட்கும், 'பாறை' ஒட்டாது. 'ஊசிமுனை' என்று நீட்டினால் ஊ/சிமு/னை, கூவிளங்காய். அடுத்து 'பாறை' நேரில் வந்து உட்காரும்.

மூன்றாம் அடியில்தான் சிக்கல் அதிகம். 'மாதர்கள் கடற்பாறை', 'கடற்பாறை கிழித்த' இரண்டும் காய் முன் நிரை. 'கிழித்த மென்மலர்' மா முன் நேர். 'மென்மலர் விரல்களிலே' விளம் முன் நிரை. போதாக்குறைக்கு 'கடற்பாறை'க்கும் 'ஆறாத'வுக்கும் எதுகை இல்லை. 'கடற்' என்பதை வெட்டுங்கள். கடலுக்குள் கிழிக்கிற பாறை கடற்பாறை என்று யாருக்கும் தெரியும். 'பாறை – ஆறாத' எதுகையும் வந்துவிடும். 'பாறை கிழித்த' வரை சுத்தம். மூன்றாம் சீர் நிரையில் தொடங்கவேண்டும், பகரத்தில் தொடங்கினால் மோனையும் கிடைக்கும். அது காயாக முடிந்தால் நான்காம் சீர் நேரில் தொடங்கவேண்டும். அந்த நான்காம் சீர் மாவாக முடியக் கூடாது, ஏனென்றால் 'ஆறாத' நேரில் நிற்கிறது. இரண்டு இடத்தையும் காலியாக விடுகிறேன், நீங்களே நிரப்புங்கள்.

பவளப்பூ:

யாப்பைச் செப்பலோசை அண்ணன் பார்த்துவிட்டார். பொருளைச் சொல்கிறேன்.

'மென்மலர் விரல்' வேண்டவே வேண்டாம். பாசி பறிக்கிற பெண்கள் விரல் ஒவ்வொன்றிலும் பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிடுங்கும்போது கை கிழியாமல் இருக்க அது. அப்படியும் கிழிகிறது. அந்தத் துணி கண் முன்னால் இருக்க, பழைய பாட்டில் தலைவிக்குச் சொன்ன மலரை எதற்குக் கடன் வாங்கவேண்டும்? அண்ணன் விட்ட காலி இடத்தில் அந்தத் துணியை வையுங்கள்: 'பழந்துணிசேர் கைவிரலில்'. பழந்/துணி/சேர் கருவிளங்காய், கை/விர/லில் கூவிளங்காய். சொல்லின் முதலில் வரும் 'கை' நெடிலாகவே நின்று தனி நேராகும், 'கைவி' என்று சேர்த்து நிரையாக எண்ணிவிடாதீர்கள்.

'பகல்முழுதும்' உண்மையில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் போகிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைகளுக்குப் படகில் போய் இறங்குவது வழக்கம். அதனால் 'பாசி எடுக்கப் படகேறி நீர்மூழ்கி' என்றால் வேலையின் வரிசை அப்படியே வந்துவிடும். பட/கே/றி புளிமாங்காய், மோனையும் கெடாது.

'கண்சிவப்பார்' எனக்கு உறுத்துகிறது. தமிழில் கண் சிவந்தால் படிக்கிறவர் முதலில் கோபத்தைத்தான் நினைப்பார். நீங்கள் உப்புத் தண்ணீரைச் சொல்கிறீர்கள் என்றால், இப்போது கண்ணாடி மாட்டிக்கொண்டுதானே மூழ்குகிறார்கள். அதுவுமில்லாமல் 'காசு சிறிதெனினும்' என்றபின் அதற்கு எதிராக ஒன்று வரவேண்டும். கண் சிவப்பது எதிரான செயல் இல்லை. 'காத்திருப்பார்' போட்டால் காத்/திருப்/பார், அதே கூவிளங்காய், 'காசு'க்கு மோனையும் கூடுகிறது. எடை போட்டு ஏவாரி கொடுக்கிற சின்னக் காசுக்காகக் கரையில் நிற்பது உள்ளே வந்துவிடும்.

கொண்டல்:

ஊர்ப் பெயர் சந்தேகத்துக்கு வருகிறேன். நம்ம கரையில் சில பெயர்கள் வெண்பாவுக்கென்றே வைத்த மாதிரி இருக்கும். பாம்பன், தொண்டி தேமா. மண்டபம் கூவிளம். ஏர்வாடி தேமாங்காய். தனுஷ்கோடி புளிமாங்காய். வாலிநோக்கம் கூவிளங்காய். இவற்றை அப்படியே வைக்கலாம், முன்பின் தளை மட்டும் பாருங்கள்.

கீழக்கரை கீ/ழக்/கரை, தேமாங்கனி. கனிச்சீர் என்பதால் முழுதாக உள்ளே வராது. வகையுளி செய்து 'கீழக் கரையில்' என்று இரண்டு சீராக உடைத்தால் தேமா, புளிமா. ரொம்ப அழகாகச் சேரும். பாட்டின் கடைசியில் 'கீழக் கரை' என்று முடித்தால் தேமாவும் மலரும், ஈற்றடிக்கு அச்சாக இருக்கும். சேதுக்கரைக்கும் இதே வழி. அரிச்சல்முனையை 'அரிச்சல் முனையில்' என்று உடையுங்கள், புளிமா, புளிமா.

தேவிபட்டினம் தே/விபட்/டினம், கூவிளங்கனி. இதை எங்கே உடைத்தாலும் பெயர் சிதையும். சின்னப்பாலம் நாலசை. 'சின்னப் பாலம்' என்று பிரித்தால் மா முன் நேர் வந்துவிடும். 'சின்னப்பா லத்தார்' என்று உடைத்தால் விதிக்கு உட்பட்டதுதான், ஆனால் காது ஒப்பாது, வேறு யாரோ பெயர் மாதிரி கேட்கும். இப்படிப்பட்ட பெயர்களைத் தலைப்பில் வைத்துவிடுங்கள். பாட்டுக்கு மேலே 'சின்னப்பாலம்' என்று இருந்தாலே படிக்கிறவருக்கு இடம் தெரிந்துவிடும்.

காற்றுப் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். கச்சான், வாடை, கொண்டல் மூன்றும் தேமா, அடுத்து நிரை வேண்டும்: 'கச்சான் அடிக்க', 'வாடை திரும்ப'. சோழகம் மட்டும் கூவிளம், அதற்குப் பின் நேர்: 'சோழகம் வீச'. புத்தகத்து 'மென்காற்று', 'பூங்காற்று' எல்லாம் நம் கடலுக்கு ஒட்டாது. கச்சான் என்றால் எந்த மாதம், கடல் எப்படி இருக்கும் என்பது வரை இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். ஒரு சீரில் அவ்வளவும் அடங்கும்.

தொண்டிக்காரன்:

கொண்டல் காக்கா (அண்ணன்) சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. பவளப்பூ அக்காவிடம் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். 'காத்திருப்பார்' பொருளுக்கு நல்லது, ஆனால் கடலிலிருந்து கரைக்கு வந்துவிட்டு, மறுபடி மூன்றாம் அடியில் பாறைக்குப் போகவேண்டியிருக்கிறது. 'கண்சிவப்பார்' இருந்தால் பாட்டு முழுவதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். நேரிசை வெண்பாவில் மொத்தம் 15 சீர்தான். இரண்டு இடத்துக்குப் போய் வர அதில் இடம் இருக்கிறதா என்று யோசியுங்கள்.

'ஆறாத உப்பின் வடு' என்பதைப் படித்ததும் 129ஆம் குறள் காதில் விழும். 'ஆறாதே', 'வடு' இரண்டும் அங்கே இருக்கின்றன. அது குறையில்லை. அங்கே சொல் சுட்டது, இங்கே உப்பு. தெரிந்தே செய்திருந்தாலும் தெரியாமல் வந்திருந்தாலும் நன்றாக வந்திருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

தளை பார்க்க அவலோகிதம் மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் விட்ட இடைவெளியை வைத்துத்தான் அது சீர் பிரிக்கும் என்பதால் 'சிறிது எனினும்' என்று பிரித்துப் போட்டால் தப்பாகக் காட்டும், புணர்த்திப் போடவேண்டும். கையால் அசை பிரித்துப் பழகிய பிறகு சரிபார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அதை நம்பினால் காது பழகாது.

பாம்பன்கரை:

எல்லாருக்கும் நன்றி. எங்கே தடுக்கியது என்று இப்போது விரல் வைத்துக் காட்ட முடிகிறது. 'காத்திருப்பார்' தான் எடுத்துக்கொண்டேன். தொண்டி அண்ணன் சொன்னதையும் யோசித்தேன். கரையில் காத்து நிற்கும்போதுதான் விரல் கண்ணில் படும், மூன்றாம் அடி கரையிலேயே நடப்பதாக வைத்துக்கொண்டால் போய் வரவேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

சின்னப்பாலம்

பாசி எடுக்க படகேறி நீர்மூழ்கி
காசு சிறிதெனினும் காத்திருப்பார் – ஊசிமுனை
பாறை கிழித்த பழந்துணிசேர் கைவிரலில்
ஆறாத உப்பின் வடு.

இனி ஏதாவது இருக்கிறதா?

தொண்டிக்காரன்:

கரையில் நின்று விரலைப் பார்ப்பது. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

செப்பலோசை:

தளை 14 இடத்திலும் சுத்தம், எதுகை சரி, முதல் மூன்று அடியிலும் ஒன்றாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் பொழிப்பு மோனை விழுந்திருக்கிறது. மிச்சம் இருப்பது வல்லொற்றுதான், மூன்று இடம். 'எடுக்கப் படகேறி': செய என்னும் எச்சத்துக்குப் பின் மிகும். 'நீர்மூழ்கிக் காசு': இகரத்தில் முடியும் வினையெச்சம், மிகும், அடி மாறினாலும் விடக்கூடாது. 'ஊசிமுனைப் பாறை': இதிலும் மிகும். 'கிழித்த பழந்துணி'யில் போட்டுவிடாதீர்கள், அது பெயரெச்சம், மிகாது. இந்த ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அசை மாறாது என்பதால் மென்பொருள் காட்டிக்கொடுக்காது, கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

இந்தப் பாட்டு முடிந்தது, இதற்கு மேல் தட்டவேண்டாம். அடுத்ததற்குப் பாசியின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை இரண்டும் நாலசை, சிரமம். மரிக்கொழுந்து தனியாகவே கருவிளங்காய். நிரையில் தொடங்குவதால் முன்னால் மாச்சீர் வேண்டும், 'பாசி மரிக்கொழுந்து' என்று தொடங்கினால் கச்சிதம். அடுத்த சீர் நேரில் வரவேண்டும், மோனைக்குப் பகரம் கிடைத்தால் நல்லது. முதல் அடி அமைந்ததும் இதே இழையில் போடுங்கள்.